வாய்ப் புற்றுநோய்: பல் நாற்காலியில் உட்கார்ந்து கேட்கப்படும் கேள்விகள்

மதுரைப் பக்கம் ஒரு சிறிய ஊரில் பல் மருத்துவமனை வைத்திருக்கிறேன். மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் மில், பஸ் டிப்போ, ஊர்ச் சாவடி என்று வாய்ப் பரிசோதனை முகாம்களுக்கும் போவதுண்டு. எங்கே போனாலும் சந்தேகங்கள் ஒன்றுபோலவே இருக்கின்றன. ஒரு நோட்டில் குறித்து வைத்துக்கொண்டே வந்தேன், நோட்டு நிறைந்துவிட்டது. கேள்விகளைக் கேட்டவர்கள் பேச்சிலேயே விட்டிருக்கிறேன்.

வாய்ப் புத்துநோய்னா நாக்குல வர்றதுதானே டாக்டரம்மா?

நாக்கும் ஓர் இடம். உதட்டின் உள்பக்கம், கன்னத்தின் உள்சதை, ஈறு, நாக்குக்கு அடியில் உள்ள தரை, மேலண்ணம், கடைசிப் பல்லுக்குப் பின்னால் இருக்கும் மூலை என்று எங்கும் வரலாம். நம் நாட்டில் அதிகம் பார்ப்பது கீழ்க் கடைவாய் ஈறுக்கும் கன்னத்துக்கும் நடுவில் உள்ள பள்ளத்தில். வெற்றிலையையும் புகையிலையையும் அடக்கிக்கொள்வது அங்கேதானே. முகாமில் ஒருவரைப் பார்த்ததும் "எந்தப் பக்கம் அடக்குவீங்க?" என்று கேட்டுவிட்டு, அந்தப் பக்கத்தைத்தான் முதலில் விரித்துப் பார்ப்பேன்.

2022-ஆம் ஆண்டுக்கான உலகக் கணக்கின்படி, உதட்டிலும் வாயிலும் புதிதாகப் புற்றுநோய் வந்தவர்கள் சுமார் 3 லட்சத்து 89 ஆயிரம் பேர். அதில் இந்தியாவில் மட்டும் சுமார் 1 லட்சத்து 43 ஆயிரம். மூன்றில் ஒன்றுக்கும் மேல் நம்முடையது.

எனக்கு மாசாமாசம் வாய்ப்புண் வருது. ராத்திரி தூக்கமே வரல, இது அதுதானோன்னு.

பெரும்பாலும் இல்லை. அடிக்கடி வந்து போகிற சாதாரண வாய்ப்புண் சின்னதாக, வட்டமாக, நடுவில் மஞ்சளும் ஓரத்தில் சிவப்புமாக இருக்கும். மிளகாய் பட்டால் உயிர் போகும். ஒரு வாரம், பத்து நாளில் ஆறிவிடும். அடுத்த முறை வேறு இடத்தில் வரும். "சூடு" என்று நாம் சொல்லுவது பெரும்பாலும் இதைத்தான். இரும்புச்சத்தோ பி12-ஓ குறைவாக இருந்தாலும் வரும். மணத்தக்காளிக் கீரை சாப்பிடுங்கள், தப்பில்லை.

கவனிக்க வேண்டியது இடம் மாறாமல் ஒரே இடத்தில் இருக்கிற புண்ணை. இரண்டு வாரம் என்று நாள்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள். அதற்குள் ஆறாத எந்தப் புண்ணும், வலித்தாலும் வலிக்காவிட்டாலும், பல் மருத்துவர் கண்ணில் படவேண்டும். கீழே பல பதில்களில் இந்த இரண்டு வாரக் கணக்கு திரும்பத் திரும்ப வரும்.

வலியே இல்லையே. வலிக்காத புண்ணுக்கு எதுக்கு ஆஸ்பத்திரி?

நோட்டில் அதிகம் எழுதியிருப்பது இந்தக் கேள்வியைத்தான். ஆரம்பக் கட்டத்தில் வாய்ப் புற்று பெரும்பாலும் வலிப்பதில்லை. ஒரு வெள்ளைத் திட்டு, ஒரு சிவப்புத் திட்டு, கொஞ்சம் தடித்த சதை, நாக்கு பட்டால் சொரசொரப்பு, அவ்வளவுதான். சதைக்குள்ளும் நரம்புக்குள்ளும் எலும்புக்குள்ளும் போன பிறகுதான் வலி வரும். காது வலிக்கிறது என்று காது மருத்துவரிடம் போய், அங்கிருந்து என்னிடம் வந்தவர்கள் இருக்கிறார்கள். கோளாறு நாக்கின் பின்பகுதியில் இருந்தது.

பல்வலி வந்தால் நடுராத்திரி போன் அடிக்கிறார்கள். சொத்தைப் பல்லால் யாரும் உடனே சாகப்போவதில்லை. ஆறு மாதமாகக் கன்னத்தில் இருக்கும் திட்டுக்கு "வலிச்சா வரலாம்னு இருந்தேன்" என்கிறார்கள். இரண்டு சென்டிமீட்டருக்குள், ஆழமாக இறங்காமல் இருக்கும்போது பிடித்தால் சரியான சிகிச்சையில் ஐந்தில் நான்கு பேர் அளவுக்கு ஐந்து வருடம் தாண்டி வாழ்கிறார்கள். கழுத்துக்கும் எலும்புக்கும் போனபின் அது பாதிக்கும் கீழே இறங்கிவிடுகிறது.

நான் வெறும் வெத்தலை பாக்குதாம்மா. போயிலை தொடமாட்டேன். எங்க அப்பத்தா தொண்ணூறு வயசு வரைக்கும் போட்டுச்சு.

பாக்கே போதும். புகையிலை சேர்ந்த வெற்றிலை புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1985-லேயே சொல்லிவிட்டது. அதே முகமை 2004-இல் வெளியிட்ட அறிக்கையில், புகையிலை இல்லாத வெற்றிலைப் பாக்கையும், தனியாகப் பாக்கையும் மனிதருக்குப் புற்றுநோய் தருபவை என்ற முதல் பட்டியலில் சேர்த்தது. சிகரெட்டும் அதே பட்டியலில்தான் இருக்கிறது. சுண்ணாம்பு இதற்கு உதவி செய்கிறது: வாயின் காரத்தன்மையைக் கூட்டி, பாக்கிலிருந்து திசுவைச் சிதைக்கும் பொருள்களை வெளியே இழுக்கிறது. வெற்றிலை இலையை மட்டும் மெல்பவர்களை நான் பார்த்ததேயில்லை.

அப்பத்தா விஷயம்: ஹெல்மெட் இல்லாமல் நாற்பது வருடம் வண்டி ஓட்டியவரும் ஊரில் இருப்பார். கல்யாண வீட்டில் தாம்பூலம் போட்டால் புற்று வந்துவிடுமா என்றும் உடனே கேட்பார்கள். எத்தனை வருடம், ஒரு நாளைக்கு எத்தனை முறை, எவ்வளவு நேரம் அடக்குகிறோம் என்பதைப் பொறுத்து ஆபத்து ஏறும். வருடத்துக்கு இரண்டு முறை கல்யாணச் சாப்பாட்டுக்குப் பிறகு போடுபவரைப் பற்றி எனக்குக் கவலையில்லை. கன்னத்தில் அடக்கியபடியே தூங்கிப்போகிறவரைப் பற்றித்தான்.

ஹான்ஸ் தடைன்னு சொல்றாங்க, பொட்டிக்கடையில கிடைக்குதே. அவ்வளவு மோசம்னா விடுவாங்களா?

கடையில் கிடைப்பது பாதுகாப்புக்குச் சான்று ஆகாது. ஹான்ஸ் போன்ற மெல்லும் புகையிலைக்கும் குட்காவுக்கும் தமிழ்நாட்டில் 2013-லிருந்து உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் தடை இருக்கிறது. 2023 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்புக்கு இடைக்காலத் தடை விதித்தது. சட்டம் அங்கும் இங்கும் போகும். உதட்டுக்குள் வைத்த பொட்டலம் அதன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும்.

பீடி, சிகரெட், சாராயம் பற்றியும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். ஒவ்வொன்றும் தனித்தனியே ஆபத்து. புகையும் குடியும் ஒரே ஆளிடம் சேர்ந்தால் ஆபத்து கூட்டல் கணக்கில் ஏறாது, பெருக்கல் கணக்கில் ஏறும்.

இப்பல்லாம் வாய் முன்ன மாதிரி திறக்க மாட்டேங்குது. ரசம் கூட காந்துது.

மூன்று விரலை ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தி, மேல் கீழ் முன்பற்களுக்கு நடுவில் விட்டுப் பாருங்கள். உங்கள் விரல்தான், என் விரல் இல்லை. மூன்றும் போனால் சரி. இரண்டுதான் போகிறது, கூடவே காரம் தாங்கவில்லை, கன்னம் உள்ளே வெளுத்துத் தோல் மாதிரி விறைப்பாக இருக்கிறது என்றால், அது பாக்கினால் வரும் வாய் இறுக்க நோயாக இருக்கலாம். பாக்கில் உள்ள அரிக்கோலின் என்ற பொருள் சதைக்கு அடியில் நார்த்திசுவைக் கூட்டிக்கொண்டே போகிறது. கன்னம் ரப்பர் தன்மையை இழந்து கயிறு கட்டினாற்போல் ஆகிறது.

இருபது, இருபத்திரண்டு வயதுப் பையன்கள் இதோடு வருவதுதான் இப்போது எனக்குப் பயமாக இருக்கிறது. பாக்குப் பொட்டலத்தை மிட்டாய் மாதிரி ஆரம்பித்தவர்கள். இது புற்று இல்லை; புற்றாக மாறக்கூடிய நிலை. எர்ணாகுளம் மாவட்டத்தில் இப்படிப்பட்டவர்களை 17 வருடம் தொடர்ந்து பார்த்த ஓர் ஆய்வில் 7.6 விழுக்காட்டினருக்குப் புற்று வந்தது. பாக்கை நிறுத்தினால் எரிச்சல் குறையும், மேலும் இறுகுவது மட்டுப்படும். ஏற்கெனவே வந்த இறுக்கம் தானாக முழுதும் இளகாது. ஐஸ் குச்சிகளை அடுக்கிப் பல்லுக்கு நடுவில் வைத்து, வாரத்துக்கு ஒரு குச்சியாகக் கூட்டுகிற பயிற்சி இருக்கிறது. சலிப்பான வேலை, ஆனால் செய்தவர்களுக்குப் பலன் தெரிகிறது.

எந்தக் கெட்ட பழக்கமும் இல்லாதவங்களுக்கு வராதுல்ல?

குறைவு. வராது என்று சொல்லமாட்டேன். பழக்கம் எதுவுமே இல்லாதவர்களுக்கு நாக்கின் பக்கவாட்டில் வருவதைப் பார்க்கிறோம். கூரான உடைந்த பல் ஒரே இடத்தில் உரசிக்கொண்டே இருப்பதற்கும் அதற்கும் தொடர்பு இருக்கலாம் என்று சந்தேகம் உண்டு. அதனால் கூரான பல் பக்கத்தில் புண் இருந்தால் நாங்கள் செய்வது எளிது: பல்லைத் தேய்த்து மழுக்கிவிட்டு இரண்டு வாரம் கழித்து வரச்சொல்லுவோம். ஆறியிருந்தால் பல்தான் காரணம். ஆறவில்லை என்றால் அடுத்த சோதனை.

எச்.பி.வி. கிருமி பற்றிப் படித்துவிட்டு வருகிறவர்களுக்கு: அது டான்சில், நாக்கின் அடிப்பகுதி போன்ற தொண்டைப் பக்கப் புற்றுகளில் முக்கியமான காரணம். நம் ஊரில் வாய்க்குள் வருவதில் பெரும்பங்கு இன்னமும் பாக்குக்கும் புகையிலைக்கும்தான்.

பல்லு எல்லாம் நல்லாத்தானே இருக்கு. பல் டாக்டர் எதைப் பார்ப்பாரு?

முதலில் கழுத்து. இரண்டு கையாலும் தாடைக்குக் கீழே, காதுக்குக் கீழே தடவி நெறிக்கட்டி இருக்கிறதா என்று பார்ப்போம். பல்செட் இருந்தால் கழற்றச் சொல்லுவோம். உதடு, பிறகு இரண்டு கன்னமும் கண்ணாடியால் விரித்து. நாக்கு நுனியைப் பஞ்சுத் துணியால் பிடித்து இழுத்து, இடம் வலம் இரண்டு ஓரமும், பின்னால் வரை. நாக்கைத் தூக்கச் சொல்லி அடித்தரை. அங்கே ஒரு விரல் உள்ளே, இன்னொரு கை தாடைக்கு வெளியே வைத்து அழுத்திப் பார்ப்போம், கண்ணுக்குத் தெரியாத தடிப்பு விரலுக்குத் தெரியும். கடைசியில் மேலண்ணம், தொண்டைவாசல். எல்லாம் சேர்த்து ஐந்து நிமிடம். ஊசி இல்லை, வலி இல்லை.

என் தொழிலின் குறையையும் சொல்ல வேண்டும். எல்லாப் பல் மருத்துவரும் எல்லோருக்கும் இதைச் செய்வதில்லை. தொழில் தொடங்கிய புதிதில் ஒரு லாரி டிரைவருக்கு மேல் வலதுபக்கப் பல்லைப் பிடுங்கி அனுப்பினேன். நாலு மாதம் கழித்து நாக்கின் இடது ஓரத்தில் புண்ணோடு வந்தார். முதல் முறை வந்தபோதே அங்கே ஏதாவது இருந்ததா? தெரியாது, ஏனென்றால் நான் பார்க்கவே இல்லை. அன்றைக்கு எனக்கு ஒரு பல்தான் தெரிந்தது. நீங்களே வாய்விட்டுக் கேளுங்கள்: "டாக்டர், வாய் முழுக்க ஒரு தடவை பாத்துருங்க." யாரும் கோபித்துக்கொள்ளமாட்டார்கள்.

எங்க பாட்டிக்கு வாயில ஒரு பல்லு கூட இல்ல. அவங்களுக்கு எதுக்கு பல் டாக்டரு?

மேலே சொன்ன பரிசோதனையில் பல்லைப் பற்றி ஒரு வரியும் இல்லை என்பதைக் கவனியுங்கள். பாட்டிதான் முதலில் வரவேண்டியவர். வயது, நெடுநாள் வெற்றிலை, இடித்துப் போட்டுக்கொள்ளும் புகையிலை எல்லாம் அவரிடம் இருக்கும். பல் இல்லாததால் பத்து வருடமாக யாரும் அவர் வாயைத் திறந்து பார்த்திருக்கமாட்டார்கள். நன்றாகப் பொருந்தியிருந்த பல்செட் திடீரென்று ஒரு பக்கம் குத்துகிறது, உட்காரவில்லை என்றால் அடியில் சதை வளர்கிறதா என்று பார்க்க வேண்டும். பல்செட்டை மட்டும் கொடுத்தனுப்பி "தேய்ச்சுக் குடுங்க" என்று சொல்லாதீர்கள். ஆளும் வரவேண்டும்.

கேம்ப்ல டார்ச் அடிச்சுப் பாத்துட்டு போகச் சொல்லிட்டாங்க. இதெல்லாம் ஒரு டெஸ்டா மேடம்?

ஆமாம், அதுவும் மெய்ப்பிக்கப்பட்ட டெஸ்ட். திருவனந்தபுரம் பக்கம் 13 ஊராட்சிகளில் 1996-இல் ஒரு பெரிய ஆய்வைத் தொடங்கினார்கள். 35 வயதுக்கு மேற்பட்ட ஏறத்தாழ 1 லட்சத்து 90 ஆயிரம் பேர். ஏழு ஊராட்சிகளில், பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் மூன்று வருடத்துக்கு ஒருமுறை வீடு வீடாகப் போய் வாயைக் கண்ணால் பார்த்தார்கள். அவர்கள் மருத்துவர்களே இல்லை. மற்ற ஆறில் வழக்கம்போல் விட்டுவிட்டார்கள். 2005-இல் வந்த முடிவு: புகையிலையோ மதுவோ பழக்கம் உள்ளவர்களிடையே, பரிசோதனை நடந்த ஊர்களில் வாய்ப் புற்றால் இறப்பு 34 விழுக்காடு குறைவு.

வெளிச்சமும், பழகிய கண்ணும், கையுறை போட்ட விரலும் போதும் என்பதற்கு நம் பக்கத்து மாநிலமே சாட்சி. அதே ஆய்வு இன்னொன்றையும் காட்டியது: பழக்கம் எதுவும் இல்லாதவர்களைச் சேர்த்துக் கணக்கிட்டபோது பலன் அவ்வளவு தெளிவாக இல்லை. அதனால் முகாமில் கூட்டம் அதிகமாக இருந்தால் பாக்கு, புகையிலை, பீடி, குடி உள்ளவர்களை முன்னால் வரச்சொல்லுவேன். வெட்கப்பட்டுக்கொண்டு யாரும் கை தூக்குவதில்லை என்பது வேறு விஷயம். பல்லின் கறை காட்டிக்கொடுத்துவிடும்.

எத்தனை நாளைக்கு ஒரு தடவை பாக்கணும்?

நாட்டின் பரிசோதனைத் திட்டம் 30 வயதுக்கு மேல் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை என்கிறது. கோடிக்கணக்கான மக்களுக்கு அதுதான் முடியும். ஆனால் தினமும் அடக்குகிறவருக்கு ஐந்து வருடம் நீளம் என்பது என் கருத்து. அவர்களை ஆறு மாதத்துக்கு ஒருமுறை வரச்சொல்லுகிறேன். பழக்கம் இல்லாதவர்கள் பல் சுத்தம் செய்ய வருடத்துக்கு ஒருமுறை வரும்போதே வாயையும் காட்டிவிட்டுப் போகலாம். திட்டு இருப்பது தெரிந்தவர்களுக்கு மூன்று மாதம், சிலருக்கு இன்னும் நெருக்கமாக.

வீட்டுலயே பாத்துக்க முடியாதா?

முடியும், பாருங்கள். மாதத்தில் ஒரு நாள், பல் விளக்கியபின், கண்ணாடி முன்னால், போன் டார்ச்சோடு. மேலே சொன்ன வரிசையிலேயே: உதடு, கன்னம், நாக்கின் ஓரங்கள், அடி. இடதும் வலதும் ஒப்பிடுவதுதான் சூட்சுமம். ஒரு பக்கம் மட்டும் இருப்பது சந்தேகத்துக்குரியது. நாக்கின் அடிவேர்ப் பக்கம் இருக்கும் பெரிய மொட்டுகளைப் பார்த்துப் பதறிப்போய் வருகிறவர்கள் நிறைய. அவை எல்லோருக்கும் உண்டு.

வெள்ளைத் திட்டு இருக்குன்னு எழுதிக் குடுத்துட்டாங்க. அப்ப கேன்சர்தானா?

வெள்ளையாக இருப்பதெல்லாம் ஒன்றல்ல. துணியால் துடைத்தால் வந்துவிடுவது பூஞ்சைக் காளானாக இருக்கலாம். இரண்டு கன்னத்திலும் வலை பின்னினாற்போல் இருப்பது வேறொரு தோல் நோய். அதையும் கண்காணிக்க வேண்டும், ஆனால் அவசரம் இல்லை. பற்கள் கூடும் கோட்டில் ஓடும் மெல்லிய வெள்ளை வரி கடிபடுவதால் வருவது. இவை எதுவும் இல்லாமல், துடைத்தாலும் போகாத திட்டைத்தான் வெண்படலம் என்கிறோம். அதிலும் பெரும்பாலானவை புற்றாக மாறுவதில்லை. எது மாறும் என்று கண்ணால் மட்டும் பார்த்துச் சொல்ல எனக்கும் முடியாது, வேறு யாருக்கும் முடியாது.

சிவப்புத் திட்டு, வெள்ளையும் சிவப்பும் கலந்த திட்டு இரண்டும் இன்னும் கவலைக்குரியவை. சதை எடுத்துச் சோதிக்கும்போதே பல சமயம் புற்றோ அதற்கு முந்தின கட்டமோ தெரிந்துவிடும். வெல்வெட் மாதிரி அழகாக இருக்கும், வலிக்காது, அதனால் விட்டுவிடுவார்கள்.

சதை எடுத்து டெஸ்ட் பண்ணா பரவிடும்னு ஊர்ல சொல்றாங்களே. கத்தி படக்கூடாதாமே?

பயாப்ஸியால் வாய்ப் புற்று பரவுவதில்லை. மரத்துப்போக ஊசி போட்டு, பட்டாணி அளவு சதை, ஒன்றிரண்டு தையல், பத்து நிமிட வேலை. அது இல்லாமல் எந்தப் புற்றுநோய் மருத்துவரும் சிகிச்சை தொடங்கமாட்டார்.

ஊரில் இந்தப் பேச்சு எப்படி வந்தது என்பதை நான் பலமுறை கண்ணால் பார்த்திருக்கிறேன். சதைச் சோதனையில் புற்று என்று வருகிறது. குடும்பம் பயந்துபோய், மூன்று மாதம் பச்சிலை, லேகியம் என்று அலைகிறது. நோய் அதன் போக்கில் வளர்கிறது. திரும்பி வரும்போது கழுத்துக்குப் போயிருக்கிறது. பழி அந்தப் பத்து நிமிடக் கத்தி மேல் விழுகிறது, மூன்று மாதத்தின் மேல் விழுவதில்லை.

ரத்தம் எடுத்துப் பாத்தா தெரியாதா?

தெரியாது. வாய்ப் புற்றைக் கண்டுபிடிக்க நம்பகமான ரத்தப் பரிசோதனை இப்போதைக்கு இல்லை. "முழு உடல் பரிசோதனை" பேக்கேஜில் நாற்பது டெஸ்ட் எடுத்துக்கொண்டு வருகிறார்கள். அதில் யாரும் வாயைத் திறக்கச் சொல்லியிருக்கமாட்டார்கள்.

பல் ஆடுச்சு, பிடுங்குனேன். ஒரு மாசம் ஆச்சு, குழி மூடவே இல்ல.

இதைத் தள்ளிப்போடாதீர்கள். பல் எடுத்த குழி இரண்டு மூன்று வாரத்தில் மேல்சதை மூடிவிட வேண்டும். மூடாமல் சதை புடைத்து வெளியே வந்தால், முதலில் பல் ஏன் ஆடியது என்றே கேட்க வேண்டும். ஈறு நோய் இல்லாத வாயில் ஒரே ஒரு பல் மட்டும் ஆடுவது, கீழுதட்டில் ஒரு பக்கம் மரத்துப்போவது இரண்டும் எலும்புக்குள் ஏதோ நடக்கிறது என்பதன் அடையாளமாக இருக்கலாம். சர்க்கரை நோய், எலும்புக்கு எடுக்கும் சில மாத்திரைகள் போன்ற வேறு காரணங்களும் உண்டு. பிடுங்கியவரிடமே திரும்பப் போங்கள். அவர் மாத்திரை மட்டும் எழுதினால் வாய், தாடை அறுவை மருத்துவரிடம் போங்கள்.

கழுத்துல ஒண்ணுமே இல்ல, ஸ்கேன்லயும் இல்லன்னாங்க. அப்புறம் ஏன் கழுத்தையும் சேத்து ஆபரேஷன்?

கண்ணுக்கும் ஸ்கேனுக்கும் தெரியாத அளவில் நெறிக்கட்டிகளில் புற்று உட்கார்ந்திருக்கலாம். வாய்ப் புற்று முதலில் போகும் இடம் அதுதான். மும்பை டாடா நினைவு மருத்துவமனையில் இதே கேள்வியை எடுத்து ஆராய்ந்தார்கள். ஆரம்பக் கட்ட நோயாளிகளில் ஒரு பிரிவினருக்கு முதலிலேயே கழுத்து நெறிக்கட்டிகளையும் எடுத்தார்கள். மற்றப் பிரிவினருக்கு, பிறகு வந்தால் எடுக்கலாம் என்று காத்திருந்தார்கள். 2015-இல் முடிவு வந்தது. மூன்று வருடம் கழித்து உயிரோடு இருந்தவர்கள் முதல் பிரிவில் 80 விழுக்காடு, காத்திருந்த பிரிவில் 67.5 விழுக்காடு. உலகம் முழுவதும் அறுவை மருத்துவர்கள் இப்போது இதைத்தான் எடுத்துக்காட்டுகிறார்கள்.

ரேடியேஷன் குடுக்கப்போறோம், முதல்ல பல்லைப் பாத்துட்டு வாங்கன்னு திருப்பி அனுப்புறாங்க. இழுத்தடிக்கிறாங்களா?

இல்லை, நல்ல மருத்துவமனை என்பதற்கு அது அடையாளம். கதிர்வீச்சுக்குப் பிறகு எச்சில் வற்றிப்போகும். எச்சில் இல்லாத வாயில் பல் மளமளவென்று சொத்தையாகும். கதிர் பட்ட தாடையெலும்புக்கு ரத்த ஓட்டமும் குறைந்துவிடும். அதற்குப் பிறகு பல் பிடுங்கினால் குழி ஆறாமல் எலும்பே செத்துப்போகும் அபாயம் உண்டு. அதனால் காப்பாற்ற முடியாத பற்களைக் கதிர்வீச்சுக்குக் குறைந்தது பத்து நாள், இரண்டு வாரம் முன்பே எடுத்துவிடுகிறோம். மிச்சப் பற்களுக்கு ஃப்ளோரைடு.

பத்து வருடம் கழித்து வேறு ஊரில் பல் பிடுங்கப் போனாலும் "எனக்குத் தாடையில ரேடியேஷன் குடுத்திருக்காங்க" என்று முதலில் சொல்லுங்கள். அந்த எலும்பு மறப்பதில்லை.

செலவுக்கு எங்க போறது?

அரசு மருத்துவமனையின் பல் பிரிவில் பரிசோதனைக்கும் பயாப்ஸிக்கும் பணம் இல்லை. சிகிச்சைக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது: ஆண்டு வருமானம் 1 லட்சத்து 20 ஆயிரத்துக்குள் உள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை. அட்டை இல்லாதவர்கள் ரேஷன் கார்டு, ஆதார், கிராம நிர்வாக அலுவலரிடம் வாங்கிய வருமானச் சான்று மூன்றையும் வைத்து மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள மையத்தில் பதிவு செய்யலாம். நோய் வந்தபின் ஓடாமல் இப்போதே எடுத்து வையுங்கள். எங்கள் பக்கத்துக்கு மதுரை பாலரெங்காபுரம் அரசு புற்றுநோய் மையம்; வடக்கே காஞ்சிபுரம் காரப்பேட்டையில் அரசு அண்ணா மருத்துவமனை. அடையாறு புற்றுநோய் நிலையத்தைச் சொல்லவே வேண்டாம். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954-இல் தொடங்கியது.

நாப்பது வருசம் போட்டாச்சு. இனிமே விட்டு என்ன ஆகப்போகுது?

ஆகும். நிறுத்திய சில வருடங்களிலேயே ஆபத்து குறையத் தொடங்குகிறது. சில வெள்ளைத் திட்டுகள் பழக்கத்தை நிறுத்திய ஓரிரு மாதத்தில் மறைந்துபோவதை நானே பார்த்திருக்கிறேன். புற்று வந்து சிகிச்சை முடித்தவருக்கும் விடுவது அவசியம், வாயின் இன்னொரு மூலையில் இரண்டாவது ஒன்று வராமல் இருக்க. 1800-11-2356 என்ற இலவச எண்ணில் விடுவதற்கான ஆலோசனை கிடைக்கும். பழக்கத்தை விட உதவும் நிகோடின் சூயிங்கத்தை வாய் இறுகியவர்களால் மெல்ல முடியாது. அவர்களுக்குத் தோலில் ஒட்டும் நிகோடின் பட்டை இருக்கிறதா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

பயாப்ஸி ரிப்போர்ட் நார்மல்னு வந்துருச்சு. ஆனா புண்ணு அப்படியேதான் இருக்கு. ரிப்போர்ட்டை நம்புறதா, புண்ணை நம்புறதா?

புண்ணை. எடுத்த துண்டு திட்டின் ஓரத்திலிருந்தோ, மேலாகவோ வந்திருக்கலாம். பெரிய திட்டில் ஒரு மூலை சாதாரணமாகவும் இன்னொரு மூலை வேறாகவும் இருக்கலாம். இரண்டு வாரக் கணக்கு ரிப்போர்ட் வந்த நாளிலிருந்து மறுபடி ஓடுகிறது. ஆறவில்லை என்றால் இன்னொரு இடத்திலிருந்து எடுக்கச் சொல்லிக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

எங்க அப்பா வரவே மாட்டேங்கிறாரு. கேன்சர் டெஸ்ட்னு சொன்னாலே கத்துறாரு. என்ன பண்றது?

அந்தச் சொல்லைச் சொல்லாதீர்கள். "பல்லுல கறை இருக்குப்பா, கிளீன் பண்ணிட்டு வரலாம்" என்று கூட்டிவாருங்கள். பொய்யும் இல்லை, கறை இருக்கத்தான் செய்யும். வாசலில் என்னிடமோ உதவியாளரிடமோ விஷயத்தைக் காதில் போட்டுவிடுங்கள். வரும்போது பழைய எக்ஸ்ரே, சீட்டுகள், சாப்பிடும் மாத்திரைகள், இருந்தால் பல்செட், அவர் போடும் பொட்டலத்தின் காலி உறை எல்லாவற்றையும் ஒரு பையில் எடுத்து வாருங்கள். காலையில் சாப்பிட்டுவிட்டே வரலாம். அன்று காலை வெற்றிலை மட்டும் போடாமல் வரச் சொல்லுங்கள். சிவந்த வாயில் சிவப்புத் திட்டைத் தேடுவது எனக்குக் கஷ்டம்.